டிட்பின்பில்லாவும் அப்பாவோட மைக்ரோவேவ் டவரும்

கான்பராவுக்கு சொந்தக்காரங்க யாராவது வந்தா பார்லிமென்ட் ஹவுஸ், வார் மெமோரியல், ஏரிக்கரை, செப்டம்பர்னா ஃப்ளோரியேட் பூக்காட்சி, அதோட முடிஞ்சுது, மறுநாள் சிட்னிக்கு வண்டி ஏத்தி விட்டுடுவோம். எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊருக்குத் தென்மேற்கே முக்கால் மணி நேரம் ஓட்டினா டிட்பின்பில்லான்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்க நாசாவோட டீப் ஸ்பேஸ் ஸ்டேஷன் இருக்கு, அதாவது ரொம்ப தூரம் போன விண்கலங்களோட பெரிய டிஷ் வச்சுப் பேசுற இடம், உள்ள போக காசு கிடையாது, கிறிஸ்துமஸ் அன்னைக்குத் தவிர தினமும் திறந்திருக்கும், ஆனா நம்ம வாட்ஸப் குரூப்ல "வீக்கெண்ட் குழந்தைங்களை எங்க கூட்டிட்டுப் போகலாம்"னு கேட்டா ஒருத்தர்கூட அந்தப் பேரைச் சொல்றதில்ல. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலாவுல இறங்கின ராத்திரி, இங்க மணி பத்தரை தாண்டியாச்சு, பசங்க தூங்க மாட்டேன்னு சோஃபாவுல உட்கார்ந்திருந்தாங்க. அப்பா ஊர்ல இருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. டிவியில கன்ட்ரோல் ரூம்ல எல்லாரும் எந்திரிச்சு கைதட்டுறாங்க, அப்பா மட்டும் திரையில இருந்த அந்த கிராஃபையே பார்த்துக்கிட்டு "எல்லாம் சரிதான், இந்த சிக்னலை எங்க வச்சுப் பிடிக்காங்க?"ன்னு கேட்டார். அப்பா திருநெல்வேலி பக்கம் டெலிபோன்ஸ்ல டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவர், பாதி சர்வீஸ், போன் பேச்சை ரேடியோ அலையா ஊர் ஊரா கடத்துற மைக்ரோவேவ் ஸ்டேஷன்லதான் போச்சு. அவருக்கு ராக்கெட்டை விட லைன் முக்கியம். பெங்களூர் பக்கத்துல பியாலாலுல இஸ்ரோவோட 32 மீட்டர் டிஷ் இருக்குப்பா, ஆனா பூமி சுத்துறதால அது ஒண்ணை மட்டும் நம்பி இருக்க முடியாது, நிலா அந்தப் பக்கம் போயிட்டா வேற நாட்டு டிஷ்தான் கேட்கணும், அன்னைக்கு நாசாவோட டிஷ்ஷும் உதவிச்சு, இதே ஆஸ்திரேலியாவுல மேற்குப் பக்கம் நியூ நார்சியாவுல இருக்கிற ஐரோப்பாக்காரங்களோட 35 மீட்டர் டிஷ்ஷும் லேண்டரைக் கவனிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னேன். "இந்த ஊர்ப் பக்கம் ஒண்ணு இருக்குன்னியே?"ன்னார் அப்பா. ஸ்கூல் லீவு விட்டதும் போகலாம்னு அப்பவே முடிவாயிடுச்சு.

லீவுல ஒரு வாரநாளா பார்த்துக் கிளம்பினோம், நான், வீட்டுக்காரர், பையன், பொண்ணு, அப்பா. காலையில எந்திரிச்சு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும் தயிர்சாதமும் கட்டியாச்சு. காட்டர் ரோட்ல போகும்போது மவுண்ட் ஸ்ட்ரோம்லோவுக்குத் திரும்புற போர்டு வரும், 2003 ஜனவரி காட்டுத்தீயில அங்க இருந்த அப்சர்வேட்டரியோட பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, பழைய டெலஸ்கோப் கட்டடங்களோட சுவர் இன்னும் அப்படியே நிக்குது. அந்தத் தீ டிட்பின்பில்லா பள்ளத்தாக்கையும் விடல, ஆனா ஸ்டேஷன் தப்பிச்சிடுச்சு. அதைத் தாண்டி மரம்பிட்ஜி ஆறு, அப்புறம் பேடிஸ் ரிவர் ரோடு, ரெண்டு பக்கமும் ஆட்டு மந்தை, வாட்டில் பூ மஞ்சளா கடைசிக் கட்டத்துல இருந்துச்சு. போன்ல சிக்னல் கோடு ஒவ்வொண்ணா குறைஞ்சு ஒரு இடத்துல சுத்தமா போயிடுச்சு. பையன் புலம்ப ஆரம்பிச்சான், அப்பா உடனே பாயிண்டைப் பிடிச்சிட்டார்: "அதுக்காகத்தான்ல இங்க வச்சிருக்கான். மலை நாலு பக்கமும் மறைக்கு பாரு, டவுன்ல உள்ள இரைச்சல் எதுவும் உள்ள வராது."

அதேதான் காரணம். ஊர்ல இருக்கிற ரேடியோ, டிவி, மொபைல் டவர், மைக்ரோவேவ் அவன் எல்லாமே இந்த டிஷ்ஷுக்கு இரைச்சல். ஸ்டேஷன் வாசல்லயே போனை ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா ஃப்ளைட் மோடுல போடுங்கன்னு போர்டு வச்சிருக்காங்க. இதை யாரும் சம்பிரதாயத்துக்குச் சொல்லல, அங்க வந்து சேர்ற சிக்னலோட பலத்தைத் தெரிஞ்சுக்கிட்டா நீங்களே கேட்காம ஆஃப் பண்ணுவீங்க.

ஒரு வளைவு திரும்பினதும் அது தெரியும். டிஎஸ்எஸ்-43ன்னு பேரு, 70 மீட்டர் குறுக்களவு, தெற்கு அரைக்கோளத்துல திருப்பக்கூடிய டிஷ்களிலேயே பெருசு இதுதான். போட்டோவுல எத்தனை தடவை பார்த்திருந்தாலும் அந்த மொத வினாடி வேற, ஏன்னா பக்கத்துல மாடு மேயுது, மரம் நிக்குது, அளவுக்கு ஒரு ஆதாரம் கிடைச்சிடுது. கார் பார்க்குல இறங்கினதும் அப்பா சட்டைப் பையில இருந்து டைரியை எடுத்துட்டார். வேலிக்கு இந்தப் பக்கம்தான் நாம நிக்க முடியும், ஆனா அங்க இருந்தே நல்லாத் தெரியும், டிஷ் நடுவுல மூணு கூம்பு நிக்குது, அதுக்கு மேல நாலு கால் சேர்ந்து ஒரு சின்ன டிஷ்ஷைத் தாங்குது. "மூணும் மூணு பேண்டுக்கு, மூணு அலைவரிசைக்கு. மேல இருக்கிற ரிஃப்ளெக்டரைத் திருப்பி எந்தக் கூம்பு வேணுமோ அதுக்குள்ள விடுவான்"னு யாரும் சொல்லாமலே அப்பா பேத்திக்கு விளக்கிட்டு இருந்தார். உள்ள போய் போர்டைப் படிச்சப்ப அதேதான் போட்டிருந்துச்சு. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, வீட்டுல ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தக்கூட பசங்களைக் கூப்பிடற மனுஷன் அங்க நிமிர்ந்து நின்னு பேசினார்.

சுத்துற பாகம் மட்டும் கிட்டத்தட்ட 3000 டன். இவ்வளவு எடையும் சக்கரத்துல உட்காரல, அழுத்தத்துல உள்ள அனுப்புற மெல்லிய எண்ணெய்ப் படலத்து மேல மிதந்து திரும்புது. 1973ல வேலைக்கு வந்தப்ப இது 64 மீட்டர்தான். நாசாவோட வாயேஜர்-2 விண்கலம் நெப்டியூனை 1989ல நெருங்கப் போகுது, அவ்வளவு தூரத்துல இருந்து வர்ற படத்தை வாங்க 64 மீட்டர் பத்தாதுன்னு 1987ல இழுத்து 70 ஆக்கினாங்க. எனக்குப் பிடிச்ச விஷயம் இது. மேல பறக்கிறதை எடுத்துட்டு வந்து ரிப்பேர் பண்ண முடியாது, அதோட குரலை ஏத்தவும் முடியாது, அதனால கீழ இருக்கிறவங்க தங்களோட காதைப் பெருசாக்கிக்கிட்டாங்க.

மூணு இடத்துல இந்த மாதிரி ஸ்டேஷன் இருக்கு, கலிஃபோர்னியாவுல கோல்ட்ஸ்டோன், ஸ்பெயின்ல மாட்ரிட் பக்கம், அப்புறம் இது. உலக உருண்டையில ஏறக்குறைய 120 டிகிரி இடைவெளி, பூமி எப்படித் திரும்பினாலும் யாராவது ஒருத்தர் கண்ணுல விண்கலம் பட்டுக்கிட்டே இருக்கும். இங்க நாசாவுக்காக நடத்துறது ஆஸ்திரேலிய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ, வேலை பார்க்கிறவங்க எல்லாம் இந்த ஊர்க்காரங்க. 2017ல இருந்து எந்த ஸ்டேஷன்ல பகலோ அவங்கதான் மூணு ஸ்டேஷனையும் சேர்த்து ஓட்டுறாங்க, அதாவது கான்பராவுல இருக்கிற ஒரு ஆபரேட்டர் தன்னோட டே ஷிஃப்ட்ல உட்கார்ந்துக்கிட்டு ஸ்பெயின் டிஷ்ஷையும் கவனிக்கிறார். நைட் ஷிஃப்ட்லயே காலம் தள்ளின அப்பா இதை ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டார்.

வாயேஜர்-2க்கு வருவோம், ஏன்னா அன்னைக்கு எங்க எல்லார் மனசையும் பிடிச்சது அதுதான். 1977 ஆகஸ்ட் 20ல கிளம்பினது, ஜூபிடர், சனி, யுரேனஸ், நெப்டியூன் நாலையும் பார்த்த ஒரே கலம், 2018 நவம்பர்ல சூரியனோட காற்று எட்டுற எல்லையையும் தாண்டிடுச்சு. நெப்டியூனோட நிலா ட்ரைட்டனைப் பார்க்கிறதுக்காக நெப்டியூனோட வடதுருவத்து மேல விட்டாங்க, அந்தத் திருப்பத்துல அது தெற்குப் பக்கமா வளைஞ்சு கீழ போயிடுச்சு. இப்ப கோல்ட்ஸ்டோனுக்கும் மாட்ரிட்டுக்கும் அது தெரியவே தெரியாது. அதுக்குக் கட்டளை அனுப்பக்கூடிய டிஷ் உலகத்துலேயே இது ஒண்ணுதான், நாங்க எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கிட்டே பார்த்துட்டு இருந்த இந்த டிஷ். நாங்க போன சமயத்துல அது சுமார் 2000 கோடி கிலோமீட்டர் தூரத்துல இருந்துச்சு, ஒளி வேகத்துல போற சிக்னலே அங்க போய்ச் சேர பதினெட்டரை மணி நேரம் ஆகும்.

அதோட டிரான்ஸ்மிட்டர் எத்தனை வாட்னு அப்பா கேட்டார். சுமார் 23 வாட். அப்பா டைரியை மூடிட்டார். "நம்ம வீட்டு ட்யூப்லைட்டே நாப்பது வாட்ல்லா." கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம்தான் சொன்னார், அவங்க காலத்துல மைக்ரோவேவ் லைனுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு டவர் போடணுமாம், ஒவ்வொரு டவர்லயும் வாங்கி, பலப்படுத்தி, அடுத்த டவருக்கு அனுப்பணும், இடையில ஒரு ஸ்டேஷன்ல கரண்ட் போனாலும் மொத்த ரூட்டும் படுத்துரும். இங்க நடுவுல ஒரு டவரும் கிடையாது. அந்த 23 வாட் பரவிப் பரவி பூமிக்கு வரும்போது ஒரு வாட்ல கோடியில ஒரு பங்குகூட இல்ல, அதைவிடப் பல கோடி மடங்கு கம்மி. அதை இரைச்சல்ல இருந்து பிரிக்கணும்னா வாங்குற கருவியே இரைச்சல் போடக் கூடாது, சூடா இருக்கிற எந்தப் பொருளும் இரைச்சல் போடும், அதனால முன்னாடி இருக்கிற ஆம்ப்ளிஃபையரை ஹீலியம் வச்சு மைனஸ் 260 டிகிரிக்கும் கீழ குளிர வச்சிருக்காங்க. "சவுண்டைக் கூட்டுறது பெரிய காரியமில்ல, இரைச்சலும் சேர்ந்துதான் கூடும். இரைச்சலைக் குறைக்கான் பாத்தியா, அதுதான் வேலை"ன்னு அப்பா பையன்கிட்ட சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வச்சிருக்கேன்.

2023 ஜூலை 21ல ஒரு விபரீதம் நடந்துச்சு, பேப்பர்ல பார்த்திருப்பீங்க. பூமியில இருந்து அனுப்பின கட்டளைகளால வாயேஜர்-2ஓட ஆன்டெனா ரெண்டே டிகிரி விலகிடுச்சு. ரெண்டு டிகிரிங்கிறது இங்க ஒண்ணுமே இல்ல, அவ்வளவு தூரத்துல அது மொத்தமா தொடர்பு அறுந்து போறதுக்குச் சமம். ஆகஸ்ட் தொடக்கத்துல, அது உயிரோட இருக்குங்கிற அளவுக்கு மட்டும் ஒரு கேரியர் சிக்னல், தகவல் எதுவும் இல்லாத வெறும் அலை, காதுல விழுந்துச்சு. அக்டோபர் 15ல அது தானாவே தன்னைச் சரி பண்ணிக்கிற ஏற்பாடு இருந்துச்சு, ஆனாலும் அதுவரைக்கும் காத்திருக்க மனசு வரல போல, இந்த டிஷ்ல இருந்து முடிஞ்ச அளவுக்குப் பலமா "பூமிப் பக்கம் திரும்பு"ன்னு ஒரு கட்டளையை அனுப்பினாங்க. போக பதினெட்டரை மணி நேரம், பதில் வர பதினெட்டரை மணி நேரம், மொத்தம் 37 மணி நேரம் எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். ஆகஸ்ட் 4ல பழையபடி டேட்டா வந்துச்சு. பையன் பத்து நிமிஷம் கணக்குப் போட்டுட்டு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு "சாப்ட்டியா"ன்னு கேட்டா வியாழக்கிழமை விடியகாலை ரெண்டு மணிக்குத்தான் "சாப்ட்டேன்"னு வரும்னு சொன்னான். கணக்கு சரிதான்.

பெரிய டிஷ்ஷை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. 34 மீட்டர் டிஷ்களும் இருக்கு, டிஎஸ்எஸ்-34, 35, 36. பார்க்கச் சின்னதா தெரியும், ஆனா புது ரகம், சிக்னலை மேலயே பிடிச்சு வைக்காம கண்ணாடி கண்ணாடியா பிரதிபலிக்க வச்சு கீழ தரைக்கடியில இருக்கிற ரூமுக்குக் கொண்டு வந்துடுறாங்க, எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அங்கதான். ரிப்பேர் பண்ண மேல ஏற வேண்டாம். அப்பா இந்த போர்டு முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்னார். ஐப்பசி மழையில, காத்துல, டவர்ல ஏறி ஈரக் கையோட கனெக்டரைக் கழட்டி மாட்டினவருக்கு இந்த வசதியோட அருமை தெரியுது, நமக்கு அது ஒரு படம், அவ்வளவுதான்.

ஓரமா ஒரு 26 மீட்டர் டிஷ், இப்ப வேலை செய்யல, 2009ல ஓய்வு குடுத்துட்டாங்க. நிறைய பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காம போறாங்க, எனக்கு அங்கயே நிறுத்தி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும்னு இருந்துச்சு. இது முதல்ல இருந்தது இங்க இல்ல, மலைக்கு அந்தாண்ட ஹனிசக்கிள் க்ரீக்னு ஒரு ஸ்டேஷன்ல. 1969 ஜூலை 21, கான்பராவுல மத்தியானம் ஒரு மணி ஆகப்போகுது, ஆம்ஸ்ட்ராங் ஏணியில இருந்து நிலா மண்ணுல கால் வைக்கிறார், உலகம் பூரா டிவியில பார்த்த அந்தக் காட்சி இந்த டிஷ் வழியாத்தான் வந்துச்சு. சில நிமிஷம் கழிச்சுத்தான் நியூ சவுத் வேல்ஸ்ல இருக்கிற பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப்போட படத்துக்கு மாத்தினாங்க. எல்லாரும் பார்க்ஸைச் சொல்லுவாங்க, அந்த மொத அடியை வாங்கினது இது. 1981ல ஹனிசக்கிள் க்ரீக்கை மூடினதுக்கு அப்புறம் டிஷ்ஷை இங்க கொண்டு வந்துட்டாங்க, அங்க இப்ப நமாட்ஜி நேஷனல் பார்க்ல கான்கிரீட் தளம் மட்டும் இருக்கு.

உள்ள சென்டர்ல நிலாக்கல் வச்சிருக்காங்க, அப்போலோ காலத்து சாமான், விண்கல மாடல், பொட்டலம் கட்டின விண்வெளிச் சாப்பாடு, ஒரு சின்ன தியேட்டர். பொண்ணுக்கு நிலாக்கல் பிடிச்சுது, வீட்டுக்காரருக்கு கஃபேல சூடா கிடைச்ச சிப்ஸ் பிடிச்சுது. கஃபேவுக்குப் பேரே மூன் ராக். வெளிய புல்வெளியில பெஞ்ச், பசங்க விளையாட இடம், அங்கதான் சாப்பிட்டோம், நாங்க உட்கார்ந்தப்ப ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்த டிஷ், தயிர்சாதத்துக்கு வந்தப்ப வேற பக்கம் திரும்பியிருந்துச்சு. மியூசியத்துல பார்க்கிறதுக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம், அங்க எல்லாம் முடிஞ்சு போன கதை, இங்க வேலை நடந்துக்கிட்டே இருக்கு, நம்ம வரவுக்காக அது நிக்கிறதில்ல.

வேற உலகத்துல யார் கையிலயாவது கிடைச்சா கேட்கட்டும்னு பூமியோட குரலைப் பதிஞ்சு வாயேஜர்ல வச்சிருக்கிற தங்கத்தட்டைப் பத்திப் பேச்சு வந்தப்ப பொண்ணு "அதுல தமிழ் இருக்காம்மா?"ன்னு கேட்டா. 55 மொழியில வணக்கம் பதிவு பண்ணி வச்சிருக்காங்க, தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு, தமிழ் இல்ல. குறுகின காலத்துல, பெரும்பாலும் அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி பக்கம் கிடைச்சவங்களை வச்சுப் பதிவு பண்ணினது, வேணும்னு விட்டதா நான் நினைக்கல. ஆனாலும் வருத்தமாத்தான் இருக்கு, திருப்பிக் கூப்பிட்டுச் சேர்க்க முடியாத இடத்துக்குப் போயிடுச்சே. இந்துஸ்தானி பாடகி கேசர்பாய் கேர்கர் பாடின பைரவி ராகப் பாட்டு அதுல இருக்குன்னு சொன்னதும் அப்பா கொஞ்சம் சமாதானம் ஆனார்.

கசினியோட கடைசி சிக்னலும் இங்கதான் வந்துச்சு. 2017 செப்டம்பர் 15, ராத்திரி 9.55. சனி கிரகத்தைப் பதிமூணு வருஷம் சுத்தின கலம், எரிபொருள் தீரப்போகுதுன்னு அதையே சனிக்குள்ள விட்டு எரிச்சாங்க. கிராஃப்ல அந்தக் கோடு அடங்கிப் போனதை முதல்ல பார்த்தது இந்தப் பள்ளத்தாக்குல ஷிஃப்ட்ல இருந்தவங்கதான். ராக்கெட் கிளம்பும்போது நாட்டுத் தலைவருங்க வந்து கைதட்டுறாங்க, கரெக்ட்தான், தட்டணும். ஆனா ஐம்பது வருஷமா தினமும் வந்து உட்கார்ந்து, இன்னைக்கும் கேட்குதான்னு பார்த்து, எழுதி வச்சுட்டு, அடுத்த ஷிஃப்ட்டுகிட்ட ஒப்படைச்சுட்டுப் போறவங்களை யாரும் பார்க்கிறதில்ல. அப்பா காலத்துலயும் அப்படித்தான், போன் வேலை செஞ்சா யாருக்கும் அவங்க ஞாபகம் வராது.

பராமரிப்பும் அப்படித்தான். 2020 மார்ச்ல இருந்து பதினொரு மாசம் பெரிய டிஷ்ஷை நிறுத்தி பார்ட்ஸ் மாத்தினாங்க, கொரோனா நேரம் வேற, அவ்வளவு நாளும் வாயேஜர்-2 பேசுறதை 34 மீட்டர் டிஷ்களைச் சேர்த்து வச்சுக் கேட்க முடிஞ்சுது, ஆனா பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியல. வேலை முடியுறதுக்கு முன்னாடியே, அந்த வருஷம் அக்டோபர் 29ல இதே டிஷ்ல இருந்து சோதனைக்காக ஒரு கட்டளை அனுப்பி, அது வாங்கிக்கிட்டேன்னு சொன்னதும்தான் இவங்களுக்கு நிம்மதி.

சாயங்காலம் கிளம்பும்போது அப்பா ஒரே ஒரு விஷயம் சொன்னார், "பியாலாலுலயும் வேலிக்கு வெளிய இப்படி நாலு பெஞ்ச் போட்டு ஒரு டீக்கடை வச்சா என்ன?" நானும் அதைத்தான் கேட்கிறேன். மங்கள்யான்ல மயில்சாமி அண்ணாதுரை, சந்திரயான்-3ல வீரமுத்துவேல்னு நம்ம ஊர்ப் பசங்க பேரைப் பெருமையா சொல்றோம். அவங்க ஊரான கோதவாடியிலயும் விழுப்புரத்துலயும் இப்ப படிக்கிற பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ல வந்து இறங்கி, ஒரு டிஷ் திரும்புறதைக் கண்ணால பார்த்துட்டு, புளிசாதம் சாப்பிட்டுட்டுப் போகணும்.

போறவங்களுக்கு: காலையிலயே போயிடுங்க, ஆற அமரப் பார்க்க மூணு மணி நேரமாவது வேணும். பக்கத்துலயே டிட்பின்பில்லா நேச்சர் ரிசர்வ் இருக்கு, கங்காரு, ஈமு, கோலா எல்லாம் பார்க்கலாம், ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல திணிக்காதீங்க, சின்னக் குழந்தைங்க இருந்தா ரெண்டுமே கெட்டுடும். மரம்பிட்ஜியைத் தாண்டினா கங்காரு ரோட்டுக்குக் குறுக்க வரும், அதனால இருட்டுறதுக்கு முன்னாடி திரும்பிடுங்க. முக்கியமா, டிஎஸ்என் நவ்னு நாசாவோட ஒரு வெப் பக்கம் இருக்கு (டிஎஸ்என்னா டீப் ஸ்பேஸ் நெட்வொர்க், நான் சொன்ன மூணு ஸ்டேஷனும் சேர்ந்தது), எந்த டிஷ் இந்த நிமிஷம் எந்த விண்கலத்தோட பேசுதுன்னு லைவ்வா காட்டும். அங்க நெட் கிடைக்காது, அதனால வீட்டுலயே திறந்து கான்பரா பகுதியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, போய் இறங்கினதும் குழந்தைங்களுக்கு "அந்த டிஷ் செவ்வாயோட பேசிட்டு இருந்துச்சு, இந்த டிஷ் வாயேஜரோட"ன்னு கையைக் காட்டிச் சொல்லலாம்.